"சாப்பாட்டோடு" என்று எழுதியிருந்தால் சாப்பாட்டோடுதான்!

எண்ணெய்க் குளிசைகளும் எமது சமிபாடும்



நாரி நோவுடன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது எழுபதை நெருங்குகிறது. தண்ணீர் வாளியைத் தூக்கியபோது முதுகில் ஏதோ 'கடக்' என்றதாகச் சொன்னார். எக்ஸ்றே எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசிந்து உடைந்திருந்தது. அவருக்கு எலும்பு ஐதாகும் நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விடயம். அதற்காகக் கிழமைக்கு ஒரு எலும்புக் குளிசையும், தினமும் விற்றமின் டி கப்சியூலும், கல்சியமும் எடுத்து வந்தார். தைரொயிட் குளிசையும் உண்டு. இரத்தத்தைச் சோதித்தபோது விற்றமின் டி அளவு இருக்க வேண்டியதில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது.

"அம்மா, கப்சியூலை ஒழுங்காய்ப் போடுறீங்களோ?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, ஒரு நாளும் விட்டதில்லை. விடிய எழும்பி முகங்கழுவினவுடனே பிளேன் ரீயோட எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிடுவன். பிறகு பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த வேணும். பத்து மணிக்குத்தான் எனக்குச் சாப்பாடு."

அவர் சொன்னது முழு உண்மை. ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தேநீரோடு, எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போட்டதால் ஒரு மருந்து மற்றதைத் தடுத்தது. இன்னொரு மருந்துக்குத் தேவையான துணை கிடைக்கவே இல்லை. (அவருடைய அனுமதியுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

மருந்துப் பெட்டியில் "சாப்பாட்டோடு எடுக்கவும்" என்று ஒட்டியிருப்பதை எங்களில் பலர் ஒரு மரியாதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறோம். வயிறு எரியாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறோம். சில மருந்துகளுக்கு அது சரி. ஆனால் எண்ணெயில் கரைத்த மருந்துகளுக்கும், தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்துகளுக்கும் காரணம் வேறு. அவை உடலுக்குள் சேர வேண்டுமானால் எமது சமிபாடு வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைத் தொடக்கி வைப்பது சாப்பாடு.

மருந்தை ஏன் எண்ணெயில் கரைக்கிறார்கள்?

நாம் விழுங்கும் மருந்து குடலில் உள்ள நீரில் கரைந்தால்தான் குடற்சுவரினூடாக இரத்தத்துக்குப் போகும். ஆனால் இன்று பயன்பாட்டில் உள்ள பல மருந்துகள் தண்ணீரில் இலகுவில் கரைவதில்லை. விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பிலேயே கரைபவை. இவற்றை வெறும் தூளாகக் கொடுத்தால் பெரும்பகுதி கரையாமலே மலத்தோடு போய்விடலாம்.

எனவே மருந்து செய்பவர்கள் அவற்றை எண்ணெயில் கரைத்து, மெதுமையான கப்சியூலுக்குள் அடைத்துத் தருகிறார்கள். ஊரில் சிறு வயதில் விழுங்கிய மீன் எண்ணெய்க் குளிசை நினைவிருக்கும். சோயா எண்ணெய், சோள எண்ணெய், ஆமணக்கெண்ணெய் முதலியன இதற்குப் பயன்படுகின்றன. தேங்காய் எண்ணெயிலும் பாம் எண்ணெய் வகைகளிலும் இருந்து பிரித்தெடுக்கும் நடுத்தர நீளக் கொழுப்புகளும் இப்படிப் பயன்படுபவையே.

ஆனால் எண்ணெயை விழுங்கினால் அது எண்ணெயாகவே இரத்தத்துக்குள் போவதில்லை. முதலில் அது உடைபட வேண்டும்.

எண்ணெய்க்கு வயிற்றில் என்ன நடக்கிறது?

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரோலில் மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்த அமைப்பு. இதை வெட்டும் நொதியத்தின் பெயர் லிப்பேஸ். இரைப்பையிலேயே ஒரு லிப்பேஸ் சுரக்கிறது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் சுமார் 10 முதல் 30 வீதம் வரை அங்கேயே உடைபடத் தொடங்கிவிடும். இரைப்பை பிசைவதால் எண்ணெய் சிறு சிறு துளிகளாகப் பிரிகிறது.

மீதி வேலை முன்சிறுகுடலில் நடக்கிறது. கொழுப்பு அங்கே வந்து சேர்ந்ததும் குடற்சுவர் கொலிசிஸ்ரோகைனின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகிறது. அது இரண்டு இடங்களுக்குச் செய்தி கொண்டு போகிறது. ஒன்று பித்தப்பை: அது சுருங்கி, ஈரல் செய்து சேர்த்து வைத்த பித்தத்தைக் குடலுக்குள் ஊற்றுகிறது. மற்றது சதையி, தமிழ்நாட்டில் கணையம் என்பார்கள். அது லிப்பேஸ் உட்படப் பல நொதியங்களை அனுப்புகிறது.

எண்ணெய் படிந்த கோப்பையைத் தனித் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்குப் போகாது. கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் எண்ணெய் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். குடலில் அந்தக் கழுவும் திரவத்தின் வேலையைச் செய்வது பித்த உப்புகள். அவை எண்ணெய்த் துளியைச் சிறிதாக்குகின்றன. கோலிப்பேஸ் என்ற துணைப் புரதத்தின் உதவியோடு சதையியின் லிப்பேஸ் அந்தத் துளியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மூன்று கொழுப்பமிலங்களில் இரண்டை வெட்டி எடுக்கிறது.

வெட்டுப்பட்ட துண்டுகளும் பித்த உப்புகளும் சேர்ந்து 'மைசெல்' எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகின்றன. இவற்றின் விட்டம் ஒரு சில நனோமீற்றர்கள். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உருண்டையின் வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும். உட்புறம் கொழுப்போடு ஒத்துப்போகும். எண்ணெயில் இருந்த மருந்து இந்த உட்புறத்தில் ஏறிக்கொண்டுதான் குடற்சுவர் வரை பயணம் செய்கிறது.

இப்போது அந்த அம்மாவின் காலைத் தேநீரை நினைத்துப் பாருங்கள். விற்றமின் டி கப்சியூலுக்குள் இருப்பது சில துளி எண்ணெய் மட்டுமே. பித்தப்பையையும் சதையியையும் நன்றாக வேலைக்கு அழைக்க அது போதாது. பாலில்லாத தேநீரில் கொழுப்பும் இல்லை. மருந்து முற்றாக வீணாகும் என்று சொல்லவில்லை. ஒரு பகுதி சேரும். ஆனால் சாப்பாட்டோடு எடுத்தால் கிடைக்கும் அளவு கிடைக்காது.

வேகமாக உடைந்தாலும் ஆபத்து

"அப்படியானால் லிப்பேஸ் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

மருந்து குடியிருக்கும் வீடு எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். லிப்பேஸ் அந்த வீட்டை இடிக்கிறது. இடிபடுவதற்குள் மருந்து மைசெல் என்ற புது வீட்டுக்குக் குடிபெயர வேண்டும். புது வீடுகள் போதாமல் பழைய வீடு இடிந்தால் மருந்து தெருவுக்கு வந்துவிடும். அதாவது பளிங்குத் துகளாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது மீண்டும் கரைவது கடினம். வீடிழந்து இடம்பெயர்ந்த எங்களுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

இதனால்தான் இன்று எண்ணெய்க் கப்சியூல்களை உருவாக்குபவர்கள், கப்சியூலுக்குள் மருந்து கரைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. எண்ணெய் சமிபாடடைந்த பிறகும் கரைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 37 பாகை வெப்பத்தில் ஒரு பாத்திரத்தில் பித்த உப்பும் பன்றிச் சதையியிலிருந்து எடுத்த நொதியமும் கலந்து, அதற்குள் மருந்தை விடுவார்கள். கொழுப்பமிலம் விடுபட விடுபடத் திரவம் அமிலமாகும். அதைச் சமன்செய்ய ஓர் இயந்திரம் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். எவ்வளவு காரம் போனது என்பதைக் கொண்டு எவ்வளவு எண்ணெய் உடைந்தது என்று கணக்கிடுவார்கள். பிறகு திரவத்தைச் சுழற்றிப் பிரித்து, மருந்து நீர்ப்பகுதியில் இருக்கிறதா, அடியில் படிந்துவிட்டதா என்று அளப்பார்கள்.

நாம் வாழும் மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் உலகறிந்த இடம். அங்கு பணியாற்றிய பேராசிரியர் கொலின் பௌட்டன், எண்ணெய் சார்ந்த மருந்துகளை வகைப்படுத்தும் முறையொன்றை 2000ஆம் ஆண்டில் முன்வைத்து 2006இல் விரிவுபடுத்தினார். தனி எண்ணெய் மட்டும் உள்ளவை முதலாம் வகை. இவை சமிபாட்டையே பெரிதும் நம்பியிருப்பவை. எண்ணெயே இல்லாமல் கழுவும் திரவம் போன்ற பொருட்களும் கரைப்பான்களும் மட்டும் உள்ளவை நான்காம் வகை. மற்றவை இடையில் வரும். எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதும் மாறுகிறது.

சிறுநீரகம் கற்றுத்தந்த பாடம்

இதை மருத்துவ உலகம் நன்றாக உணர்ந்தது சைக்ளோஸ்போரின் என்ற மருந்தில். மாற்றி வைத்த சிறுநீரகத்தையோ ஈரலையோ உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து இது. நோர்வே நாட்டு மண்ணில் கண்டெடுத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்டது. 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் வருகையால் உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் முகமே மாறியது.

ஆனால் முதலில் வந்த சண்டிமியூன் என்ற எண்ணெய் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. அது பித்தத்தையும் சமிபாட்டையும் நம்பியிருந்தது. ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவருக்கு அதிகம் சேரும், இன்னொருவருக்குக் குறைவாகச் சேரும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். ஈரல் மாற்றிய நோயாளிகளில் பித்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்த காலத்தில் மருந்து சரியாகச் சேரவே இல்லை. குறைந்தால் உறுப்பை உடல் நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகமே பழுதாகும்.

1990களின் நடுப்பகுதியில் நியோரல் என்ற புது வடிவம் வந்தது. அதில் எண்ணெயோடு அதைக் கரைக்கும் பொருட்களும் சேர்ந்திருந்தன. தண்ணீர் பட்டதும் தானாகவே மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்துவிடும். பித்தத்தில் தங்கியிருப்பது குறைந்தது. இரத்தத்தில் சேரும் அளவும் சீரானது. மருந்து அதேதான். மாறியது அதைச் சுமக்கும் எண்ணெய்க் கலவை மட்டுமே. அப்படியிருந்தும் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக, இரத்தப் பரிசோதனை இல்லாமல் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போன இடத்தில் "அதே மருந்துதான்" என்று வேறு தயாரிப்பை வாங்கிப் போடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எமது வீட்டு மருந்துப் பெட்டியில்

சாப்பாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டிய, எங்கள் குடும்பங்களில் நான் அடிக்கடி காணும் சில மருந்துகள் இவை.

விற்றமின் டி: எமது நிறத்துத் தோலுக்கு வெயிலில் இருந்து விற்றமின் டி செய்யக் கூடிய நேரம் வேண்டும். குளிர்நாடுகளில் அது கிடைப்பதில்லை. எனவே பலர் கப்சியூல் எடுக்கிறோம். அன்றைய நாளின் பெரிய சாப்பாட்டோடு எடுங்கள்.

மீன் எண்ணெய்: சில செறிவூட்டிய தயாரிப்புகளில் ஒமேகா 3 'எதைல் எஸ்ரர்' வடிவில் இருக்கும். இதை லிப்பேஸ் சாதாரண எண்ணெயைவிட மெதுவாகவே வெட்டும். கொழுப்புள்ள சாப்பாடு இல்லாவிட்டால் பெரும்பகுதி பயன்படாது.

ஐசோற்றெற்றினோயின்: கடுமையான முகப்பருவுக்குத் தோல் நிபுணர் தருவது. வழமையான கப்சியூலை வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்புள்ள உணவோடு எடுக்கும்போது இரத்தத்தில் சேரும் அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் எமது பிள்ளைகள் "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பத்தில் இது குழந்தைக்குப் பெரும் கேடு செய்யும் என்பதையும் பெண் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

அற்றோவாகுவோன் - புரோகுவானில்: மலேரியாத் தடுப்புக்கு, பயணம் போவோருக்குத் தருவது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. ஆனால் இந்தியாவின் சில பகுதிகளிலும் ஆபிரிக்க நாடுகளிலும் மலேரியா உண்டு. இம்மருந்து கொழுப்போடு சேரும்போது அற்றோவாகுவோன் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக உடலில் சேர்கிறது. சாப்பாட்டோடு அல்லது பால் பானத்தோடு எடுக்க வேண்டும்.

ரிவரொக்ஸபான்: இரத்தம் கட்டியாகாமல் தடுப்பது. இது எண்ணெய்க் கப்சியூல் அல்ல. ஆனால் தண்ணீரில் இலகுவில் கரையாதது. 20 மில்லிகிராம் குளிசையை வெறும் வயிற்றில் எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் சேர்கிறது. 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். மருந்து இப்படிக் குறைந்தால் பக்கவாதத்துக்கு எதிரான காவலும் குறையலாம்.

எல்லாக் கப்சியூலுக்கும் இந்த விதி பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். வயதான ஆண்களுக்கு புறொஸ்ரேற் வீக்கத்துக்குக் கொடுக்கும் டியூற்றஸ்ரரைட் கப்சியூலிலும் கொழுப்புக் கலவைதான் உள்ளது. ஆனால் அதைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், தனியாகவும் எடுக்கலாம். ஆகவே கப்சியூலின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருந்தாளர் ஒட்டிய சிறு சீட்டை வாசியுங்கள்.

விரத காலத்தில் என்ன செய்வது?

கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும், சிலர் இளநீரும் மட்டும் எடுக்கும் பெரியோர் எங்களிடையே உண்டு. நோன்பு இருக்கும் இஸ்லாமிய நண்பர்களும் தவக்காலம் அனுட்டிக்கும் கிறிஸ்தவ நண்பர்களும் உண்டு. விரதம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பு உங்கள் வைத்தியரிடம் மருந்துப் பட்டியலோடு வாருங்கள். ஒரு நேரம் சாப்பிடும் விரதமானால், தினமும் ஒருமுறை எடுக்கும் மருந்தை அந்த நேரத்துக்கு மாற்றுவது பெரும்பாலும் இயலும். முழுப்பட்டினி என்றால் சிலருக்கு மருந்தையே மாற்ற வேண்டி வரலாம். காலில் இரத்தக் கட்டி வந்து முதல் சில கிழமைகள் நாளுக்கு இருமுறை ரிவரொக்ஸபான் எடுப்பவர் விரதம் இருக்கக் கூடாது. முருகன் கோபிக்க மாட்டார். எந்தக் காரணம் கொண்டும் இரத்தக் கட்டி மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சமிபாடே பழுதானால்?

இனி இரண்டாவது நோயாளி. வயது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நீரிழிவு உண்டு. மெலிந்துகொண்டே போனார். நீரிழிவால்தான் மெலிகிறார் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். விற்றமின் டியைச் சாப்பாட்டோடுதான் எடுத்தார். அப்படியிருந்தும் அளவு ஏறவில்லை. கடைசியில் ஒரு நாள் மலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"சொல்ல வெட்கமாக் கிடந்தது டொக்டர். வெளிறிப் போய், எண்ணெய் மாதிரி மிதக்குது. இரண்டு மூன்று தரம் தண்ணி அடிச்சாலும் போகுதில்லை."

இரண்டு வருடமாக அவர் என்னிடம் வந்து போகிறார். அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்கவில்லை. தவறு என்னுடையது. மலத்தில் எலாஸ்ரேஸ் என்ற நொதியத்தை அளந்தபோது மிகக் குறைவாக இருந்தது. ஸ்கானில் சதையி சுருங்கி, உள்ளே கற்கள் இருந்தன. நீரிழிவுக்கும் மெலிவுக்கும் விற்றமின் குறைவுக்கும் ஒரே காரணம்தான்: சதையியின் நீண்டகால அழற்சி.

சதையி மிகவும் பொறுமையான உறுப்பு. அதன் லிப்பேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகே மலத்தில் கொழுப்பு வெளிப்படையாகத் தெரியும். அதுவரை காட்டிக்கொடுக்காது. இந்நோய்க்கு மதுவும் புகையும் முக்கிய காரணங்கள்; இதை எமது சமூகத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆனால் குடிக்காதவர்களுக்கும் வரும். கற்களோடும் நீரிழிவோடும் வரும் ஒரு வகையை 1959இல் சூய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளில் இதை ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் அதிகம் கண்ட நோய் என்பதால் எங்கள் ஆட்களில் இதை மறந்துவிடக் கூடாது. ஆகவே மெலிந்த, நீரிழிவுள்ள ஒருவரைக் கண்டால் "குடிக்கிறவர்" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிகிச்சை உண்டு. சதையி நொதியங்களைக் கப்சியூலாகவே தருகிறோம். இரைப்பை அமிலம் அழிக்காதபடி பூச்சிட்ட சிறு மணிகள் அதற்குள் இருக்கும். சாப்பாட்டின் முதல் வாயோடும் இடையிலும் எடுக்க வேண்டும். மெல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் எடுத்தால் பயன் குறைவு. வெட்ட வேண்டிய கொழுப்பு முன்னே போய்விடும். இது பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுவது. சைவ உணவுக்காரரும் இஸ்லாமியரும் இதை முன்கூட்டியே அறிந்து, வைத்தியரோடும் சமயப் பெரியோரோடும் பேசி முடிவு எடுப்பது நல்லது. தெரியாமல் எடுத்து, பின்னர் தெரிந்து நிறுத்துவதே மோசமானது.

இன்னும் சில சந்தேகங்கள்

பித்தப்பையை எடுத்தவர்களுக்கு எண்ணெய் மருந்து சேராதா? பெரும்பாலும் சேரும். பித்தத்தைச் செய்வது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பை மட்டுமே. பையில்லாவிட்டால் பித்தம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே இருக்கும்.

மெலிவதற்கு ஓர்லிஸ்ராற் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது லிப்பேஸையே தடுக்கும் மருந்து. சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய 30 வீதத்தை உடைய விடாது. கொழுப்பில் கரையும் விற்றமின்களும் குறையும். விற்றமினைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் எடுக்கச் சொல்வோம். சைக்ளோஸ்போரின், தைரொயிட், வோர்பரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. கொலஸ்ரிரமின் என்ற தூள் பித்த உப்பையே பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.

மஞ்சள் கப்சியூலைப் பற்றியும் கேட்கிறார்கள். சித்த வைத்தியத்தில் மருந்தை நெய்யிலோ தேனிலோ பாலிலோ குழைத்துக் கொடுப்பதை அனுபானம் என்பார்கள். மஞ்சளை நாம் எண்ணெயோடும் தேங்காய்ப் பாலோடும் சமைக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாதது, கொழுப்போடு சேரும். சமையலில் இது பிரச்சினை இல்லை. ஆனால் குர்குமினை அதிகம் சேரச் செய்யும் செறிவான கப்சியூல்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. இவற்றால் அரிதாக ஈரல் பாதிப்பு வரலாம் என்று 2023இல் அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதிகம் சேர்வது எப்போதும் நன்மை அல்ல என்பதற்கு இது சாட்சி. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, விற்றமின், மூலிகை உட்பட, வருடத்துக்கு ஒருமுறையாவது வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். ஒவ்வொன்றையும் "சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா?" என்று கேட்டு, தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

2. பிளேன் ரீயும் ஒரு பிஸ்கற்றும் சாப்பாடு அல்ல. முட்டை, மீன், பால், தயிர், தேங்காய்ப் பால் கறி என்று ஏதாவது ஒன்றுடன் வழமையான சாப்பாடு போதும். மருந்துக்காக எண்ணெயைக் கூட்டிச் சாப்பிட வேண்டியதில்லை; கொலஸ்ரரோல் உள்ளவர்கள் பயப்படவும் வேண்டாம்.

3. தைரொயிட் குளிசையும் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் எலும்புக் குளிசையும் இதற்கு நேர்மாறு: வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. எலும்புக் குளிசை போட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் உண்ணவும் கூடாது. கல்சியமும் இரும்பும் இவற்றைத் தடுக்கும். சில மணி நேரம் தள்ளி எடுங்கள்.

4. எண்ணெய்க் கப்சியூலை வைத்தியர் சொல்லாமல் குத்தி உடைக்காதீர்கள். விழுங்க முடியாவிட்டால் துளி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். கப்சியூலின் ஓடு மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்த ஜெலற்றினாக இருக்கலாம்; சைவ வகைகளும் கிடைக்கின்றன.

5. மருந்தை ஒழுங்காக எடுத்தும் பலன் இல்லை என்றால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். எப்போது, எதனோடு எடுக்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மலம் வெளிறி மிதந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் மருந்துகளை ஒரு தாளில் பிரித்து எழுதினோம். தைரொயிட் விடிய, தண்ணீரோடு. எலும்புக் குளிசை ஞாயிற்றுக்கிழமை, தனியாக. விற்றமின் டி மத்தியானச் சோற்றோடு. கல்சியம் இராச்சாப்பாட்டோடு. நிபுணரிடமும் அனுப்பினேன். மருந்து ஒன்றுகூடக் கூட்டவில்லை. மூன்று மாதத்தில் விற்றமின் அளவு சரியான இடத்துக்கு வந்தது. நசிந்த எலும்பு பழையபடி நிமிராது. அவர் கொஞ்சம் குட்டையாகித்தான் போனார். ஆனால் அடுத்த எலும்பு உடையாமல் காக்க இன்னும் காலம் இருக்கிறது. பேத்தியை இப்போதும் அவர்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார்.

மற்ற நோயாளி நொதியக் கப்சியூல் தொடங்கிய பின் இழந்த எடையில் பாதியை மீட்டிருக்கிறார். "சோறு இப்பத்தான் உடம்பில ஒட்டுது" என்று சொன்னார்.

இன்று இரவு உங்கள் அம்மாவோ அப்பாவோ மருந்து போடும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். எதனோடு போடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த நாளே கேளுங்கள்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் மருந்தில் எந்த மாற்றமும் செய்யுமுன் உங்கள் குடும்ப வைத்தியரிடம் அல்லது மருந்தாளரிடம் கலந்து பேசுங்கள்.)